6746328388800: இரண்டு முறை ஃபெயிலான ராமானுஜனுக்கு டிகிரி வாங்கித் தந்த எண்கள்

கணித மேதை ராமானுஜன் என்றதும் நம்மில் பலருக்கும் ஞாபகம் வருவது 1729. டாக்ஸி நம்பர் கதை. ஆனால் அவருடைய வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது அந்த நான்கு இலக்க எண் அல்ல. இரண்டு முறை கல்லூரித் தேர்வில் தோற்ற அவருக்கு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை வாங்கித் தந்தவை வேறொரு வகை எண்கள். அந்த எண்களுக்கு அவர் கையாலேயே ஒரு நீளமான பட்டியல் போட்டார். பட்டியலின் கடைசியில் நிற்பது 6746328388800.

நம்ம ஊர் முறையில் படித்தால் 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. கால்குலேட்டர், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத 1915-ல் ஒருவர் இந்த எண் வரைக்கும் ஏன் போனார்? இந்த எண்ணில் அப்படி என்ன இருக்கு? அதற்கும் அவருடைய டிகிரிக்கும் என்ன தொடர்பு? பார்ப்போம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

சேலத்தில் இருந்து 60 பேர் ஏற்காடு டூர் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிளியூர் அருவிக்கு இறங்கும் பாதை செங்குத்தானது, எல்லோரும் ஒரே கூட்டமாகப் போக முடியாது. சம அளவுள்ள குழுக்களாகப் பிரிய வேண்டும். ஒரு குழுவுக்கு 2 பேர், 3 பேர், 4 பேர், 5 பேர், 6 பேர், 10, 12, 15, 20, 30 பேர் என்று எப்படிப் பிரித்தாலும் ஒருவர்கூடத் தனியாக மிஞ்ச மாட்டார்.

அதுவே 61 பேர் வந்திருந்தால்? ஒன்றும் செய்ய முடியாது. 61 ஒரு பகா எண். ஒன்று, எல்லோரும் ஒரே குழு. இல்லையென்றால், ஆளுக்கொரு குழு. அவ்வளவுதான்.

ஓர் எண்ணை மீதி இல்லாமல் வகுக்கும் எண்கள்தான் அதன் காரணிகள் என்று பள்ளியில் படித்திருப்போம். 1-ஐயும் 60-ஐயும் சேர்த்தால் 60-க்கு மொத்தம் 12 காரணிகள். 60-க்குக் கீழே இருக்கும் எந்த எண்ணுக்கும் 12 காரணிகள் கிடையாது. அதாவது, 60 ஒரு புது ரெக்கார்டு.

இப்படித் தனக்கு முன்னால் உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்ணுக்கு ராமானுஜன் வைத்த பெயர் ஹைலி காம்போசிட் நம்பர். தமிழில் உயர் பகு எண் என்று சொல்லலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720 என்று இந்த வரிசை போகும்.

கொஞ்சம் உற்றுப் பாருங்க. எல்லாமே பழகிய முகங்கள். வருடத்துக்கு 12 மாதம், நாளுக்கு 24 மணி நேரம், மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 டிகிரி. நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகைகளாகப் பிரித்தார்கள், ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். தமிழ் வருடச் சுழற்சியும் 60 ஆண்டுகள்தான். மொபைலில் வீடியோ பார்க்கும்போது குவாலிட்டி பட்டியலில் வரும் 720-கூட இந்த வரிசையில் உண்டு. கிரேக்கத் தத்துவ அறிஞர் பிளேட்டோ, தன் கற்பனை நகரத்தில் 5040 குடும்பங்கள் இருக்க வேண்டும் என்று எழுதினார். பல வகையில் சமமாகப் பிரிக்க முடியும் என்பதுதான் காரணம். அந்த 5040-ம் ஓர் உயர் பகு எண்.

ரெக்கார்டு தவறவிடும் எண்கள்

பெரிய எண் என்றால் காரணிகளும் அதிகம் என்று நினைத்துவிடக் கூடாது. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 20-க்கு 1, 2, 4, 5, 10, 20 என்று ஆறு காரணிகள். மோசமில்லை. ஆனால் அந்த ஆறைத் தனக்கு முன்னால் நிற்கும் 12 ஏற்கெனவே எட்டிவிட்டது: 1, 2, 3, 4, 6, 12. அதனால் 20-க்குப் பட்டியலில் இடம் கிடையாது.

ஏன் இப்படி? எண்ணை உடைத்துப் பார்த்தால் புரியும். 20 என்பது 2² × 5. இதில் 5-ஐ எடுத்துவிட்டு 3-ஐப் போட்டால் 2² × 3, அதாவது 12. காரணிகளின் எண்ணிக்கை மாறவில்லை, எண் மட்டும் சிறியதாகிவிட்டது. ஆக, பட்டியலில் இடம்பிடிக்க விரும்பும் எண் 3-ஐ விட்டுவிட்டு 5-க்குத் தாவ முடியாது. பகா எண்களை 2, 3, 5, 7 என்று வரிசையாகத்தான் எடுக்க வேண்டும்.

18-ஐயும் பாருங்கள். அது 2 × 3². அடுக்கை இடம் மாற்றினால் 2² × 3. மறுபடியும் அதே 12. ஆக, சிறிய பகா எண்ணுக்குத்தான் பெரிய அடுக்கு இருக்க வேண்டும், அடுக்குகள் போகப் போகக் குறையலாம், கூடக் கூடாது.

இந்த இரண்டு விதிகளும் ஒரு பிளஸ் டூ மாணவருக்கே புரிந்துவிடும். ராமானுஜன் இங்கே நிற்கவில்லை. எந்த அடுக்கு எந்த அளவு இருக்கும், கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எவ்வளவு, ஒரு ரெக்கார்டுக்கும் அடுத்த ரெக்கார்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று தோண்டிக்கொண்டே போனார். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1-தான், 4, 36 என்ற இரண்டே எண்கள்தான் விதிவிலக்கு என்று நிரூபித்தார்.

ஆனால் இதை எழுதும் இடத்துக்கு அவர் வந்து சேர்ந்த பாதை, 20 வளைவுகளைவிடக் கடினமானது.

ஈரோட்டில் பிறப்பு, கும்பகோணத்தில் வளர்ப்பு

1887 டிசம்பர் 22. ஈரோட்டில் தாய்வழிப் பாட்டி வீட்டில் ராமானுஜன் பிறந்தார். இன்று சேலத்துக்குப் பக்கத்து மாவட்டமாக இருக்கும் ஈரோடு, அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அப்பா சீனிவாச ஐயங்கார், கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவர். அம்மா கோமளத்தம்மாள். வீடு சாரங்கபாணி சன்னிதித் தெருவில்.

டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போது கணக்கில் பரிசுகள் வாங்கிய பையன். 1903 வாக்கில் ஜி.எஸ். கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த ஒரு புத்தகம் அவர் கைக்கு வந்தது. ஏறக்குறைய 5,000 கணித முடிவுகள், பெரும்பாலும் விளக்கம் இல்லாமல், ஒன்றன்கீழ் ஒன்றாக. பரீட்சைக்குத் தயாராகும் மாணவர்களுக்கான கைடு மாதிரி. மற்றவர்கள் மனப்பாடம் செய்ய வைத்திருந்ததை, ராமானுஜன் ஒவ்வொன்றும் ஏன் சரி என்று தானே கண்டுபிடிக்க வேண்டிய புதிர்களாக எடுத்துக்கொண்டார்.

பிரச்சினையும் அங்கேதான் தொடங்கியது.

ஸ்காலர்ஷிப் போச்சு, தேர்வும் போச்சு

1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதம் தவிர வேறு எதையும் படிக்கவில்லை. ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை பறிபோனது. ஜவுளிக் கடைக் கணக்கர் வீட்டில் அந்தப் பணம் இல்லாமல் கல்லூரி இல்லை. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறிவிட்டார்.

அடுத்து சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கும் அதே கதை. 1906-ல் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. 1907-ல் தனித்தேர்வராக எழுதி மறுபடியும் தோல்வி. எஃப்.ஏ. பாஸாகாமல் பி.ஏ.வுக்குள் நுழைய முடியாது. அதோடு கல்லூரி வாழ்க்கை முடிந்தது.

இன்றைய பாஷையில் சொன்னால், 20 வயதில் அரியரோடு டிராப் அவுட். வேலை இல்லை, சான்றிதழ் இல்லை, டியூஷன் எடுத்தும் காலம் தள்ள முடியவில்லை. காகிதம் வாங்கக் காசு போதாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டுப்புத்தகத்தில் எழுதிவைத்தார். அவருடைய நோட்டுகளில் வழிமுறை இல்லாமல் விடைகள் மட்டும் நிறைந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

1909-ல் ஜானகியோடு திருமணம். இனி சம்பாதித்தே ஆக வேண்டும். நோட்டுப்புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வேலை தேடி அலைந்தார். திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த, இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய வி. ராமசுவாமி ஐயர், நெல்லூர் ஆட்சியராக இருந்த ஆர். ராமச்சந்திர ராவ் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கைகாட்ட, 1911-ல் அந்தச் சங்கத்தின் இதழில் முதல் கட்டுரை வெளியானது. 1912 மார்ச் 1-ல் சென்னைத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. மாதம் 30 ரூபாய் சம்பளம்.

அந்த அலுவலகத்தில் அவருக்கு வாய்த்த மேலதிகாரிகள் முக்கியமானவர்கள். எஸ். நாராயண ஐயர் தானே கணிதம் படித்தவர். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். கிளார்க் ஒருவர் ஃபைலை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்குப் போடுகிறார் என்று மெமோ கொடுக்காமல், அவருக்காகக் கடிதங்கள் எழுதினார்கள்.

கேம்பிரிட்ஜுக்குப் போன கடிதம்

1913 ஜனவரி 16 தேதியிட்டு, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஜி.எச். ஹார்டிக்கு ராமானுஜன் ஒரு கடிதம் அனுப்பினார். அதே பல்கலைக்கழகத்தில் வேறு இரண்டு பேராசிரியர்களையும் அணுகியிருந்தார், பலன் இல்லை. ஹார்டி மட்டும் தன் சக கணித அறிஞர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து அந்தச் சூத்திரங்களைப் படித்துப் பார்த்தார். இது வேலைவெட்டி இல்லாதவர் எழுதியது அல்ல, பெரிய மேதையின் கை என்று இருவருக்கும் புரிந்துவிட்டது.

உடனே இங்கேயும் காட்சி மாறியது. டிகிரி இல்லாத ஒருவருக்கு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. கடல் தாண்டக் கூடாது என்ற வீட்டுக் கட்டுப்பாட்டைக் கடந்து, 1914 மார்ச் 17-ல் சென்னையில் கப்பல் ஏறினார். ஏப்ரலில் இங்கிலாந்து. ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது.

கல்லூரியில் பாதிப் பேர் போருக்குப் போய்விட்டார்கள், லிட்டில்வுட் உட்பட. சைவச் சாப்பாடு கிடைப்பது பெரும்பாடு. தானே சமைத்துச் சாப்பிட்டார். ஊரில் இருந்து வர வேண்டிய பொருட்களும் போரால் தாமதமாயின. இந்தச் சூழலில், குளிரில், தனியாக உட்கார்ந்து எழுதியதுதான் உயர் பகு எண்கள் பற்றிய ஆய்வுக் கட்டுரை.

அந்தப் பட்டியலில் என்ன இருந்தது?

1915-ல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் கட்டுரை வெளியானது. 60 பக்கங்களுக்கு மேல். அதில்தான் நூற்றுக்கும் மேற்பட்ட உயர் பகு எண்களைக் கொண்ட அந்த அட்டவணை. 2-ல் தொடங்கி 6746328388800-ல் முடிகிறது.

இந்தக் கடைசி எண்ணைப் பகாக் காரணிகளாக உடைத்தால் இப்படி வரும்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

முன்னால் பார்த்த இரண்டு விதிகளையும் இங்கே சரிபார்க்கலாம். 2 முதல் 23 வரை ஒரு பகா எண்கூட விடுபடவில்லை. அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1 என்று படிப்படியாக இறங்குகின்றன.

காரணிகள் எத்தனை என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டி எல்லாவற்றையும் பெருக்கினால் போதும். 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2. விடை 10080.

இதைப் புரிந்துகொள்ள ஓர் ஒப்பீடு. இவ்வளவு பெரிய எண்களின் அக்கம்பக்கத்தில் ஓர் எண்ணுக்குச் சராசரியாக 30 காரணிகள் போலத்தான் இருக்கும். இவருக்கு மட்டும் 10080. 1 முதல் 28 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராது. 29-ல்தான் முதல் முறையாக மீதி வருகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. காரணிகளின் எண்ணிக்கையான 10080 தானே ஓர் உயர் பகு எண். அதற்கு 72 காரணிகள், அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது.

எல்லாம் சரி, இதனால் என்ன பயன்?

அன்றைக்குக் கேட்டிருந்தால் பயன் எதுவும் இல்லை என்றுதான் பதில் வந்திருக்கும். கணித உலகில் எல்லோரும் பகா எண்களைத்தான் துரத்திக்கொண்டிருந்தார்கள். எதனாலும் வகுபடாத எண்களுக்குத்தான் மவுசு. ராமானுஜன் எதிர்த் திசையில் போனார். பகா எண்ணில் இருந்து எவ்வளவு தூரம் விலகிப் போக முடியுமோ அவ்வளவு தூரம் விலகி நிற்கும் எண்கள் எப்படி இருக்கும் என்பது அவருடைய கேள்வி.

கிடைத்த பலன் அவருக்கு உடனே தெரிந்தது. டிகிரி இல்லாததால் சிறப்பு அனுமதியோடுதான் அவர் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்க்கப்பட்டிருந்தார். 1916 மார்ச்சில், உயர் பகு எண்கள் குறித்த ஆய்வுக்காக, ஆராய்ச்சி வழி பி.ஏ. பட்டம் வழங்கப்பட்டது. இன்றைய பிஎச்.டி.க்கு முன்னோடி என்று கருதப்படும் பட்டம் அது. எஃப்.ஏ.வைத் தாண்ட முடியாதவர் நேராக அங்கே போய் நின்றார். பட்டமளிப்பு உடையோடு அவர் நிற்கும் புகைப்படம் இந்த நாளுக்கானதுதான்.

பட்டியலில் விட்டுப்போன ஓர் எண்

இப்போது கொஞ்சம் சுவாரசியமான விஷயம். அந்த நீளமான அட்டவணையில் ஒரே ஓர் எண் விடுபட்டிருப்பதைப் பின்னால் வந்தவர்கள் கவனித்தார்கள். அது 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இதற்கு 5040 காரணிகள். பட்டியலில் இருந்திருக்க வேண்டிய எண்தான்.

உடைத்துப் பார்த்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? பட்டியலின் கடைசி எண்ணில் இருந்து 23-ஐ மட்டும் எடுத்துவிட்டால் கிடைப்பது இதுதான். அதாவது 293318625600 × 23 = 6746328388800. விடுபட்ட எண், கடைசி வரியில் எழுதிய எண்ணுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இதைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. ராமானுஜனைப் பற்றி நாம் கேட்டு வளர்ந்த கதைகளில் நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னதாக வரும். நாமகிரித் தாயார் மேல் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் ஆழமான பக்தி இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கதையை மட்டும் சொன்னால், அவர் எதுவும் செய்யாமல் எல்லாம் தானாக வந்து விழுந்தது போன்ற எண்ணம் வந்துவிடும். இந்த அட்டவணை வேறொரு ராமானுஜனைக் காட்டுகிறது. ஒவ்வொரு எண்ணாகப் பெருக்கி, அடுத்ததோடு ஒப்பிட்டு, எழுதி, சரிபார்த்து, நூறு வரிகளுக்கு மேல் போன ஒரு உழைப்பாளி. நூறில் ஒன்று விட்டுப்போகும் அளவுக்கு மனித உழைப்பு.

வெட்டப்பட்ட பக்கங்களும் பத்து லட்சம் டாலர் கேள்வியும்

ராமானுஜன் எழுதியது அத்தனையும் 1915-ல் அச்சாகவில்லை. போர்க்காலத்தில் லண்டன் கணிதச் சங்கம் நிதி நெருக்கடியில் இருந்ததால் கட்டுரை சுருக்கப்பட்டது. மீதிப் பக்கங்கள் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தன. 1988-ல் அவருடைய கையெழுத்துப் பிரதிகளின் நகல் பதிப்பில் அவை வெளியாயின. 1997-ல் ஃபிரெஞ்சுக் கணித அறிஞர்கள் ஜான் லூயி நிக்கோலா, கி ரோபன் இருவரும் குறிப்புகளோடு அவற்றைத் திருத்தமாகப் பதிப்பித்தார்கள். எழுதி 82 ஆண்டுகள் கழித்து.

அதில் ஒரு பகுதி, ஓர் எண்ணின் காரணிகளை எல்லாம் கூட்டினால் கூடுதல் எவ்வளவு பெரிதாக முடியும் என்பதைப் பற்றியது. உதாரணமாக 6-ன் காரணிகள் 1, 2, 3, 6. கூடுதல் 12. கணிதத்தில் இன்றுவரை நிரூபிக்கப்படாத ரீமான் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால், மிகப் பெரிய எண்களுக்கு இந்தக் கூடுதல் ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டாது என்று ராமானுஜன் காட்டியிருந்தார்.

1984-ல் ரோபன் இதை இன்னும் கூர்மையாக்கினார். 5040-க்கு மேல் உள்ள எந்த எண்ணும் அந்த எல்லையைத் தாண்டாது என்று யாராவது நிரூபித்துவிட்டால், ரீமான் கருதுகோளையே நிரூபித்ததாக அர்த்தம். ஓர் எண் தாண்டினாலும் கருதுகோள் பொய். பிளேட்டோவின் நகரத்தில் பார்த்த அதே 5040, இங்கே எல்லைக்கல்லாக நிற்கிறது.

ரீமான் கருதுகோளை நிரூபிப்பவருக்கு அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் 2000-ம் ஆண்டு பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. இன்னும் யாரும் வாங்கவில்லை. பகா எண்கள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்பதைச் சொல்லும் கருதுகோள் அது. பகா எண்களில் இருந்து எதிர்த் திசையில் நடந்தவர் கடைசியில் அதே வாசலுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்.

கடைசி நான்கு வருடங்கள்

பட்டம் வாங்கிய மறு வருடமே, 1917-ல், உடல்நிலை மோசமானது. மருத்துவமனைகள், சானடோரியங்கள் என்று மாறி மாறி இருந்தார். காசநோய் என்று சிகிச்சை தரப்பட்டது. கல்லீரலைத் தாக்கும் அமீபா தொற்றாக இருந்திருக்கலாம் என்றும், அது அப்போதே குணப்படுத்தக்கூடிய நோய் என்றும் பிற்கால மருத்துவ ஆய்வு ஒன்று வாதிடுகிறது.

படுக்கையில் இருந்த காலத்திலும் வேலை நிற்கவில்லை. ஹார்டியோடு சேர்ந்து, ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாக எழுத முடியும் என்பதற்கான சூத்திரத்தை 1918-ல் வெளியிட்டார். 4-ஐ ஐந்து விதமாக எழுதலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. இதே கேள்வியை 200-க்குக் கேட்டால் பதில் 3972999029388. பெர்சி மக்மஹோன் என்ற கணித அறிஞர் இதைக் கையால் கணக்கிட்டு வைத்திருந்தார். சூத்திரத்தின் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது, கிட்டத்தட்ட 4 லட்சம் கோடி அளவுள்ள அந்த எண்ணில் வந்த வித்தியாசம் ஒன்றில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

அதே 1918-ல் ராயல் சொசைட்டியின் ஃபெலோ ஆனார், வயது 30. அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ ஆன முதல் இந்தியரானார்.

1919 மார்ச்சில் ஊர் திரும்பினார். சென்னை, கொடுமுடி, கோயம்புத்தூர், கும்பகோணம் என்று இடம் மாற்றிப் பார்த்தும் உடல் தேறவில்லை. 1920 ஜனவரியில், மாக் தீட்டா சார்புகள் என்ற புதிய கண்டுபிடிப்பைப் பற்றி ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். 32 வயது. கடைசி வருடத்துக் கணக்குகள் அடங்கிய தாள்கள் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கிடந்ததை 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தார். மனைவி ஜானகி அம்மாள் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்து, கணவர் இறந்து 74 ஆண்டுகளுக்குப் பிறகு 1994-ல் காலமானார்.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

டிசம்பர் 22-ஐ 2012 முதல் தேசியக் கணித தினமாகக் கொண்டாடுகிறோம். கும்பகோணம் வீடு நினைவில்லமாக இருக்கிறது. பள்ளிகளில் அவர் படம் மாட்டியிருக்கும், ஸ்டேட்டஸில் 1729 வரும். அவருடைய வாழ்க்கையில் கவனிக்க வேண்டிய இன்னொரு கணக்கு இருக்கிறது.

கல்லூரித் தேர்வில் அவர் தோற்றபோது முறை சரியாகத்தான் இருந்தது. எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும் என்பது எல்லோருக்கும் பொதுவான விதி. விதி என்ன செய்ததென்றால், ஒரு உதவித்தொகையை நிறுத்தியது. வசதியான வீட்டுப் பையனாக இருந்தால் கட்டணம் கட்டி இன்னொரு வருடம் படித்திருப்பார். இவரால் முடியவில்லை. அதன் பிறகு 1912 வரை, ஒரு கணித அறிஞரின் உச்சமான வயதில், பல வருடங்கள் தேர்வுத் தோல்வியிலும் வேலை தேடுவதிலும் போயின. அவர் உழைக்கக் கிடைத்த ஆயுளே 32 வருடம் என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் அந்த இழப்பின் அளவு தெரியும்.

இது அவருக்கும் தெரிந்திருந்தது. 1918-ன் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்ட் உதவித்தொகை அறிவித்தது. இங்கிலாந்தில் நோயாளியாக இருந்தபடியே அவர் பதில் எழுதினார். தன் தேவைக்கு அது அதிகம் என்றும், இங்கிலாந்துச் செலவுகள் போக ஆண்டுக்கு 50 பவுண்ட் பெற்றோருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஏழை, ஆதரவற்ற மாணவர்களின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் புத்தகங்கள் வாங்கவும் பயன்படுத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

ராயல் சொசைட்டி, டிரினிட்டி என்று எல்லா கௌரவமும் வந்த பிறகு, அவர் கேட்டது கட்டணம் கட்ட முடியாமல் படிப்பை விடும் பிள்ளைகளுக்கான பணம்.